அரிசி இருக்கு, குழம்புக்குத்தான் வழியில்லை: ஊரடங்கு நாளில் டெல்டா ஊர்களில் உணவுப்பொருள் கொடுக்கும் முறை

காவிரி டெல்டாவில் கொரோனா போன்ற தொற்றுக்கால உதவி என்று கிளம்புகிறவர்கள் முதல் வேலையாக அரிசி வாங்குகிறார்கள். மூட்டை மூட்டையாக வாங்கி, வீட்டுக்கு 5 கிலோ என்று அளந்து கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். வாங்கிய வீட்டில் ஏற்கெனவே ரேஷன் அரிசி இருக்கும். 2020 ஏப்ரலிலிருந்து முன்னுரிமை அட்டைக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ இலவச அரிசியை மத்திய அரசு தனியாக ஒதுக்கியது. தமிழ்நாட்டு ரேஷன் அரிசி எப்போதும் உண்டு. கார்டு உள்ள வீட்டில் அரிசிப் பானை அவ்வளவு சீக்கிரம் காலியாகாது. அஞ்சறைப்பெட்டிதான் முதலில் காலியாகும். புளி, மிளகாய், மல்லி, வெங்காயம், சோப்பு எல்லாம் அன்றாடக் கூலியில் அன்றாடம் வாங்கும் பொருள்கள். கூலி நின்ற மூன்றாம் நாள் குழம்பு நிற்கும். 2021 ஜூனில் அரசே கொடுத்த 14 பொருள் மளிகைப் பையில் அரிசி கிடையாது. புளி, கடுகு, சீரகம், மஞ்சள்தூள், டீத்தூள், சோப்பு போன்றவைதான் இருந்தன. அந்தப் பையை மாதிரியாக வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஆக, வேலை இரண்டு. கார்டு உள்ள வீட்டுக்குக் குழம்புக்கான சாமான் கொடுக்க வேண்டும். கார்டே இல்லாதவருக்கு அரிசியோடு சேர்த்து முழுச் சாமானும் கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே பையாகப் போட்டால் பணம் பாதியில் தீர்ந்துபோகும்.

எந்த மாதம், யாருக்கு

டெல்டாவின் பசிக்கு ஒரு நாள்காட்டி உண்டு. 2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு வந்தபோது சம்பா, தாளடி நெல் அறுவடை முடிந்து, வயலில் உளுந்தும் பச்சைப்பயறும் எடுக்கும் நேரம். அதுவும் முடிந்தால் அடுத்த நெல் போகமான குறுவை தொடங்கும்வரை நிலத்தில் வேலை கிடையாது. அந்த ஆண்டு குறுவைக்குத் தண்ணீர் தரும் மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறந்தது. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரைக்கும் உள்ள இரண்டு மாதம்தான் விவசாயக் கூலி வீடுகளுக்குக் கடினமான காலம். கடற்கரையிலும் அதே கணக்குதான். ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். நாகப்பட்டினம், பழையாறு, தரங்கம்பாடி, கோடியக்கரைப் பக்கம் அந்த நாட்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சித்திரை, வைகாசி கல்யாண மாதங்கள். அவை கைவிட்டுப் போனால் சமையல் மாஸ்டருக்குக் கீழே வேலை பார்க்கும் கையாட்கள், பாத்திரம் தேய்க்கும் பெண்கள், பந்தல்காரர், பூக்கட்டுபவர், நாகஸ்வரம், தவில், செண்டை வாசிப்பவர் எல்லோருக்கும் ஆண்டு வருமானமே போய்விடும். திருபுவனம், கும்பகோணம் பக்கம் பட்டு நெசவாளருக்குக் கூலி நிற்கும். இவர்களில் பலர் வரிசையில் வந்து நிற்க மாட்டார்கள். நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

பட்டியல் எடுப்பது

ரேஷன் கடைப் பட்டியலை வாங்கி அதையே வைத்துக்கொள்வது சுலபம். ஆனால் அதில் இல்லாதவர்தான் நமக்கு முதலில் வேண்டியவர். தெருவுக்கு இரண்டு பேர் போங்கள். ஒருவர் அந்தத் தெருக்காரராக இருக்க வேண்டும், மற்றவர் வேறு தெருக்காரராக இருக்க வேண்டும். இரண்டு பேரும் அதே தெருவாக இருந்தால் உறவு பேசும். இரண்டு பேரும் வெளியாட்களாக இருந்தால் வீட்டின் நிலை பிடிபடாது. மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதும் பெண்ணும் அங்கன்வாடிப் பணியாளரும் சேர்ந்தால் ஒரே மாலையில் நூறு வீட்டின் நிலவரம் வந்துவிடும்.

"சாப்பாட்டுக்குக் கஷ்டமா?" என்று கேட்டால் மானமுள்ள எந்த வீட்டிலும் "இல்லைங்க" என்றுதான் பதில் வரும். "ஏங்கக்கா, நேத்து என்ன கொழம்பு?" என்று கேளுங்கள். "மொளகாத் தண்ணிதான் தம்பி" என்றோ, "மோரு ஊத்திக்கிட்டோம்" என்றோ வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து குழம்பு வைக்காத வீடு முதல் பட்டியலில் வர வேண்டும். கேஸ் இருக்கிறதா, விறகா என்பதையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள். சிலிண்டர் தீர்ந்த வீட்டுக்குத் துவரம்பருப்பு கொடுத்துப் பயனில்லை. வேகவைக்க முக்கால் மணி நேரத்துக்கு விறகு வேண்டும்.

கார்டு இல்லாதவர், கார்டு இருந்தும் கைக்கு வராதவர் என்று இன்னொரு பட்டியல் தனியாக எடுக்க வேண்டும். கல்யாணமாகி வந்தும் பெயர் பிறந்த ஊர்க் கார்டிலேயே இருக்கும் பெண், கார்டை அடகு வைத்தவர், மகன் வீட்டுக் கார்டில் பெயர் இருந்தும் தனியாகச் சமைக்கும் மூதாட்டி, வயலோரம் குடிசை போட்டிருக்கும் வாத்து மேய்ப்பவர், செங்கல் சூளைக் குடும்பங்கள், நரிக்குறவர், பூம்பூம் மாட்டுக்காரர், திருநங்கையர், அரிசி ஆலையில் தங்கி வேலை செய்யும் வடமாநிலத்தார் எல்லோரும் அதில் வருவார்கள். சர்க்கரை கார்டுக்காரரைப் பணக்காரர் என்று ஒதுக்கிவிடாதீர்கள். என்றோ நல்ல வருமானம் இருந்தபோது எடுத்த கார்டு அது. அரிசி கிடைக்காது, கேட்கவும் கூச்சப்படுவார்கள்.

சாதியைப் பேசாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. பொருள் கொடுக்கும் இடத்தைக் குடியானத் தெரு நடுவிலோ கோயில் வாசலிலோ வைத்தால் காலனியில் இருக்கும் தலித் மக்கள் கடைசியில் நிற்பார்கள், அல்லது வரவே மாட்டார்கள். பள்ளிக்கூட மைதானம், ஊராட்சி அலுவலகம், ரோட்டோரக் களம் என்று எல்லோரும் புழங்கும் பொது இடம் பாருங்கள். அப்படி இடமில்லையென்றால் வண்டி முதலில் காலனிக்குப் போகட்டும். அங்கே முடித்துவிட்டு மற்ற தெருக்களுக்கு வரலாம். காலனியைக் கடைசியில் வைத்தால் வண்டி அங்கே போய்ச் சேரும்போது பத்துப் பை குறைந்திருக்கும். அது தற்செயலாக நடப்பதுமில்லை.

கார்டு உள்ள வீட்டுப் பை

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 15 நாள் கணக்கு இது. ரேஷனில் மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பும் ஒரு லிட்டர் பாமாயிலும் வரும் என்பதைக் கழித்துப் போட்டது.

பச்சைப்பயறு 1 கிலோ, துவரம்பருப்பு அரை கிலோ, உளுந்து அரை கிலோ
கடலெண்ணெய் 1 லிட்டர் பாக்கெட்
உப்பு 1 கிலோ, புளி அரை கிலோ
காய்ந்த மிளகாய் கால் கிலோ, மல்லி கால் கிலோ, மஞ்சள்தூள் 50 கிராம், கடுகும் சீரகமும் 50 கிராம் வீதம்
சர்க்கரை அரை கிலோ, டீத்தூள் 100 கிராம்
பெரிய வெங்காயம் 2 கிலோ, உருளைக்கிழங்கு 2 கிலோ
குளியல் சோப்பு 2, துணி சோப்பு 1, நாப்கின் 1 பாக்கெட்

மொத்தம் 10 கிலோ சொச்சம் வரும். ஒரு பெண் தனியாகத் தலையில் வைத்துத் தூக்கிப்போகும் எடை அது. 15 கிலோவுக்கு மேல் போனால் தூக்கிக் கொடுக்க ஆள் தேடுவார்கள். அங்கேதான் கூட்டம் சேரும்.

துவரையைக் குறைத்துப் பச்சைப்பயறைக் கூட்டியதற்குக் காரணம் உண்டு. துவரை வெளியூரிலிருந்து லாரி வந்தால்தான் கிடைக்கும். லாரி நின்றால் விலை ஏறும். பச்சைப்பயறும் உளுந்தும் சம்பா அறுத்த வயலில் மார்ச், ஏப்ரலில் டெல்டாவிலேயே விளைந்து கிடக்கின்றன. அந்த நேரத்தில் வியாபாரியும் வரமாட்டார். விவசாயியிடமே நேரில் வாங்கினால் இருவருக்கும் லாபம். பச்சைப்பயறுக்கு மில் தேவையில்லை. இரவு ஊறவைத்தால் கொஞ்ச விறகிலேயே வெந்துவிடும். வயலில் எடுத்த பயறு என்பதால் வண்டு முட்டை ஏற்கெனவே இருக்கலாம். இரண்டு வெயில் நன்றாகக் காயவைத்து, புடைத்து, கல் பொறுக்கிய பிறகு பையில் போடுங்கள். காயவைக்காமல் கட்டிய பயறு மூன்று வாரத்தில் ஓட்டை விழும்.

மிளகாய்த்தூளுக்குப் பதில் முழு மிளகாய் கொடுப்பதே நல்லது. தூளில் கலப்படம் வரும், ஈரம் பட்டால் கட்டி பிடிக்கும். தெருவுக்கு ஒரு அம்மியோ உரலோ இன்னும் இருக்கிறது.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால் பவுடர் டப்பாவை எல்லாப் பையிலும் போடாதீர்கள். டப்பா இருக்கும்வரை கொடுத்தால் தாய்ப்பால் குறையும், டப்பா தீர்ந்ததும் குழந்தைக்கு இரண்டும் இருக்காது. தாய்க்கு இன்னொரு கிலோ பயறும் முட்டையும் கொடுங்கள். தாய் இல்லாத குழந்தை, டாக்டர் எழுதிக் கொடுத்த குழந்தை என்றால் அந்த வீட்டுக்கு மட்டும் தனியாக வாங்கித் தரலாம்.

முட்டை நல்ல சரக்கு. ஓட்டோடு இருப்பதால் யார் கையும் உள்ளே படாது. 2020 மார்ச்சில் கோழியால் தொற்று பரவும் என்ற வதந்தியில் முட்டை விலை சரிந்தபோது வாங்க ஆளில்லாமல் கிடந்தது. அப்படி விலை விழும் நேரத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் மளிகைப் பைக்குள் முட்டையை வைக்காதீர்கள். அட்டையோடு வண்டியில் கொண்டுபோய், கையில் தனியாகக் கொடுங்கள்.

கார்டு இல்லாதவருக்கு

மேலே சொன்ன அத்தனையும் கொடுத்து, 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றும் சேர்க்க வேண்டும். உடலுழைப்பாளி ஒருவருக்கு நாளைக்கு 400 கிராம் அரிசி வேண்டும். நான்கு பேருக்கு 15 நாளைக்கு 24 கிலோ. துவரம்பருப்பையும் ஒரு கிலோவாக ஏற்றுங்கள், அவர்களுக்கு ரேஷன் பருப்பு கிடையாது. வடமாநிலத்தாரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். பீகார்க்காரர் கோதுமை மாவு கேட்பார், உருளையைக் கூட்டிக் கேட்பார். ஒடிசா, வங்காளத்துக்காரர் அரிசிதான் கேட்பார். புளியை இருவருமே அதிகம் தொடமாட்டார்கள்.

அரிசி வாங்கும்போது பழைய அரிசியா, புது அரிசியா என்று பாருங்கள். தை, மாசியில் அறுத்த நெல்லைச் சித்திரையில் அரைத்தால் சோறு குழையும், கஞ்சி கட்டும். வீட்டில் வடித்துச் சாப்பிட அது பரவாயில்லை. சமைத்துப் பொட்டலம் கட்டப் போகிறீர்கள் என்றால் ஆறு மாதமாவது இருப்பில் இருந்த அரிசி வேண்டும். சிஆர் 1009 பருமனான அரிசி, விலை குறைவு. வடித்த சோற்றுக்கும் இட்லிக்கும் ஆகும். பொட்டலத்துக்கு ஏடிடி 43, பொன்னி மாதிரி சன்ன ரகம் உதிரியாக வரும்.

மிராசுதார்கள் பணமாகக் கொடுக்காமல் நெல்லாகக் கொடுப்பதுண்டு. வேண்டாம் என்று சொல்லாதீர்கள். 60 கிலோ மூட்டைக்கு 38 முதல் 40 கிலோ அரிசி எதிர்பார்க்கலாம். ஆனால் புழுங்கலுக்கு ஊறவைத்து, அவித்து, காயவைத்து, அரைத்து வர மூன்று நாளாவது ஆகும். வானம் மூடினால் இன்னும் தள்ளிப்போகும். அந்த அரிசியை இரண்டாம் சுற்றுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றுக்கு நம்பினால் கைவிட்டுவிடும்.

இருப்பும் பொட்டலமும்

மூட்டைகளைத் தரையில் அடுக்கக் கூடாது. கட்டை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். கோடை மழை ஒன்று அடித்தால் ஓட்டுக் கூரைக் கட்டிடத்தில் தரை ஈரம் மேலேறும். பிளீச்சிங் பவுடர், சோப்பு, பினாயில் இருக்கும் அறையில் அரிசியும் பருப்பும் வேண்டாம். வாசனை ஏறினால் சமைத்த பிறகும் போகாது. பையிலும் சோப்பைத் தனி உறையில் போட்டு முடிச்சிடுங்கள். இதைச் செய்யாமல் போனால் "பருப்பு சோப்பு நாத்தம் அடிக்குது" என்று இருநூறு வீட்டிலிருந்தும் சொல்லி அனுப்புவார்கள்.

பை அடுக்கும் வரிசையும் முக்கியம். அடியில் உப்பு, பயறு, சர்க்கரை. நடுவில் உருளை, வெங்காயம். மேலே புளி, மிளகாய், மல்லி. எண்ணெய் பாக்கெட் எல்லாவற்றுக்கும் மேலே. எண்ணெய் அடியில் போனால் வண்டியில் ஒரு பை மேல் இன்னொரு பை ஏறி நசுங்கும்போது வெடிக்கும், அந்த வரிசையே வீணாகும். புளியைக் காகிதத்தில் கட்டாதீர்கள், ஒட்டிக்கொள்ளும். பாலித்தீன் உறையில் ஓட்டையில்லாமல் கட்டுங்கள். வெளிப்பைக்குத் துணிப்பையோ சணல்பையோ நல்லது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. கிழியாத பை வீட்டில் நாலு வருஷம் கிடக்கும் என்பது இன்னொரு பலன்.

எட்டுப் பேர் ஆளுக்கு இரண்டு பொருளாகப் பிடித்து, ஆறடி தள்ளி நின்று, பையை மேசையில் நகர்த்தினால் காலை வெயிலுக்கு முன்பே 200 பை முடியும். நேரத்தைத் தின்பது எடைபோடுவதுதான். ஆகவே முந்தின நாளே புளி, மிளகாய், மல்லியை எடைபோட்டுக் கட்டிவிடுங்கள். மிளகாய் கட்டுவதைத் திறந்த வெளியில் செய்யுங்கள். நெடியில் ஒருவர் இருமினால் தொற்றுக் காலத்தில் மற்ற ஏழு பேரும் வேலையைப் போட்டுவிட்டுத் தள்ளிப் போய்விடுகிறார்கள்.

அனுமதி, வண்டி, வரிசை

2020 ஏப்ரலில் தனியார் நேரடியாகப் பொருள் கொடுக்கக் கூடாது என்று அரசு சொன்னது. விஷயம் உயர் நீதிமன்றம் போய், அதிகாரிகளுக்கு முன்கூட்டித் தகவல் சொல்லிவிட்டுக் கொடுக்கலாம் என்று முடிந்தது. அடுத்த முறை விதி எப்படி இருந்தாலும், இரண்டு நாள் முன்பே தாசில்தாருக்குக் கடிதம் கொடுத்து, நகலைக் காவல் நிலையத்துக்கும் ஊராட்சிக்கும் சேர்த்துவிடுங்கள். தேதி, நேரம், தெருப் பெயர், பைகளின் எண்ணிக்கை, வண்டி எண், கூட வருபவர் பெயர் அவ்வளவும் அதில் இருக்கட்டும். முத்திரை போட்ட நகல் வண்டியில் இருந்தால் சோதனைச் சாவடியில் வாக்குவாதம் இருக்காது.

குட்டியானை வண்டி முக்கால் டன் தாங்கும். 10 கிலோ பை எழுபது ஏற்றலாம். எண்பது, தொண்ணூறு என்று ஏற்றுகிறார்கள். வாய்க்கால் கரைச் சாலையில் டயர் புதைந்தால் அரை நாள் போகும். டிரைவர் வெளியூர் மார்க்கெட்டுக்குப் போய்வந்தவராக இருந்தால் அவர் வண்டியை விட்டு இறங்க வேண்டாம், பையைத் தொட வேண்டாம். 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று மாவட்டங்களுக்குப் பரவியது வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் வழியாகத்தான்.

டோக்கனை முந்தின மாலை வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள். அரை மணி நேரத்துக்கு இருபது டோக்கன், ஒவ்வொரு அரை மணிக்கும் ஒரு நிறக் காகிதம். எழுத்துத் தெரியாதவருக்கும் "மஞ்சச் சீட்டு எட்டு மணி" என்றால் புரியும். சுண்ணாம்புத்தூளால் ஆறடிக்கு ஒரு வட்டம் போடுங்கள். கோலமாவு வேண்டாம், எறும்பும் கோழியும் அரை மணியில் அழித்துவிடும். வட்டம் நிழலில் இருக்க வேண்டும். வெயிலில் போட்டால் எல்லோரும் ஒரே வேப்ப மரத்தடியில் போய் ஒட்டி நிற்பார்கள், வட்டம் காலியாகக் கிடக்கும். எல்லாம் காலை பத்தரைக்குள் முடிய வேண்டும்.

கையெழுத்துக்கு ஒரே பேனாவை எல்லோரிடமும் கொடுக்காதீர்கள், கைநாட்டு மையும் வேண்டாம். டோக்கனை வாங்கிப் பெட்டியில் போட்டு, மாலையில் எண்ணிப் பதிவேட்டில் ஏற்றினால் போதும். பை வாங்கும்போது படம் எடுப்பதை அறவே நிறுத்துங்கள். நன்கொடை கொடுத்தவர் படம் கேட்டால் அடுக்கி வைத்த பைகளை எடுத்து அனுப்பலாம். முகத்தோடு ஒரு படம் வாட்சப்பில் சுற்றிவிட்டால் அடுத்த சுற்றுக்கு நெசவாளர் வீட்டிலிருந்தும் நாகஸ்வரக்காரர் வீட்டிலிருந்தும் யாரும் வரமாட்டார்கள்.

நடக்க முடியாதவர், கைக்குழந்தைக்காரர், தனித்திருக்கும் முதியவர் வீடுகளுக்குப் பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, பத்தடி தள்ளி நின்று குரல் கொடுங்கள். எடுத்து உள்ளே வைக்கும்வரை நின்று பார்த்துவிட்டு வர வேண்டும். தெருநாயும் ஆடும் காத்திருக்கும்.

2020 ரமலான் நோன்பு ஏப்ரல் கடைசியில் தொடங்கியது. நாகூர், முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கம் நோன்பு நாளில் பை கொடுப்பதானால் பச்சரிசியும் பாசிப்பருப்பும் கூடுதலாகப் போடுங்கள், கஞ்சிக்கு ஆகும். மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு அந்த வாசலில் போய் நிற்பது தெரியாமல் செய்யும் தப்பு என்றாலும் தப்புதான்.

சமைத்த சோறு யாருக்கு

அடுப்பு உள்ள வீட்டுக்குச் சமைத்த சோறு கொடுப்பது வீண்செலவு. அதே பணத்தில் சாமான் கொடுத்தால் மூன்று மடங்கு நாள் ஓடும், கூட்டமும் சேராது. கும்பகோணம் கோயில் வாசல்களிலும் பேருந்து நிலையங்களிலும் கிடப்பவர், தஞ்சாவூர், திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நோயாளியோடு தங்கியிருப்பவர், ஊர் திரும்பும் வழியில் இருப்பவர், தொற்று வந்து வீட்டில் அடைபட்டவர் ஆகியோருக்குத்தான் சோறு வேண்டும்.

நூறு பேருக்குச் சாம்பார் சாதம் என்றால் அரிசி 10 கிலோ, துவரம்பருப்பு 3 கிலோ, காய் 8 கிலோ, சின்ன வெங்காயம் 2 கிலோ, புளி 600 கிராம், சாம்பார் பொடி 500 கிராம், எண்ணெய் ஒன்றரை லிட்டர், உப்பு 500 கிராமில் தொடங்கிச் சுவை பார்த்துக் கூட்டுவது. ஆளுக்கு அரை கிலோ வரும். காய்க்குக் கத்தரி, பூசணி, முருங்கை, வாழைக்காய் நல்லது. ஊரடங்கில் சந்தைக்குப் போகாமல் கொல்லையிலேயே தேங்கிக் கிடப்பதும் இவைதான். தேங்காய் அரைத்து ஊற்றாதீர்கள். சித்திரை வெயிலில் தேங்காய் சேர்த்தது முதலில் ஊசும்.

புளியோதரை என்றால் அரிசி 12 கிலோ, புளி ஒன்றரைக் கிலோ, நல்லெண்ணெய் 2 லிட்டர், வேர்க்கடலை 1 கிலோ. கூட ஒரு அவித்த முட்டை. தூரம் போக வேண்டிய பொட்டலத்துக்குப் புளியோதரையை விட்டால் வேறு வழியில்லை. புளிப்பும் எண்ணெயும் அதைக் காக்கும். தயிர்சாதம் காலையில் கட்டினால் மதியம் பொங்கிப் புளித்திருக்கும். கட்டாயம் வேண்டுமென்றால் பால் நிறைய ஊற்றி, ஒரு கரண்டி தயிர் மட்டும் விடுங்கள்.

சமையலில் நிறையப் பேர் கவனிக்காமல் விடுவது நேரத்தை. சோறு இறக்கியதிலிருந்து வாயில் போகும்வரை நான்கு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. 60 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கிய சோற்றில் கிருமி பெருகும். அது விடும் விஷங்களில் ஒன்று மறுபடி சூடாக்கினாலும் போகாது. பன்னிரண்டரைக்குச் சாப்பிட வேண்டுமென்றால் இறக்குவது பத்து மணிக்கு, கட்டுவது பதினொன்றுக்குள். விடியற்காலையில் சமைத்துவிட்டுக் காத்திருப்பது சுறுசுறுப்பில் சேராது. கொதிக்கக் கொதிக்கக் கட்டி, பொட்டலங்களைப் பெட்டியில் நெருக்கி அடுக்கினாலும் நடுவில் உள்ளவை வேர்த்து நசநசவென்று ஆகிவிடும். ஆவி அடங்கியதும் கட்டி, இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல் வையுங்கள். ஒரு பொட்டலத்தைத் தேதி எழுதி ஃப்ரிட்ஜில் ஒரு நாள் எடுத்து வைத்திருங்கள். யாருக்காவது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் காட்ட வேண்டியிருக்கும்.

கட்டுவதற்குத் திருவையாறு பக்கத்து வாழை இலையே போதும். கல்யாணம் நின்றால் இலைக்கு விலை இருக்காது, விவசாயிக்கும் உதவியாகும். தணலில் லேசாக வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. அச்சு மை சோற்றில் படாமல் இலைக்கு வெளியில்தான் செய்தித்தாள் சுற்ற வேண்டும்.

சமையல் கூடத்தில் ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். அறுபது வயதுக்கு மேற்பட்டவர், சர்க்கரை, இரத்தக் கொதிப்பு உள்ளவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் வீட்டிலிருந்தே அளவு சொல்லட்டும். ஆட்களை இரண்டு அணியாகப் பிரித்து, ஒரு அணி மற்றதைப் பார்க்காமல் வாரம் மாற்றி வாரம் வரச் செய்யுங்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அந்த அணி மட்டும் வீட்டில் இருக்கும், அடுப்பு நிற்காது. கைகழுவச் சோப்பும் தண்ணீரும் போதும். சானிடைசர் பாட்டிலை அடுப்பங்கரைக்குள் கொண்டுவரவே கூடாது. அதில் பெரும்பங்கு சாராயம்தான், கையில் தடவிக்கொண்டு உடனே அடுப்பருகே போனால் பற்றிக்கொள்ளும். மேசை, கதவுப்பிடி துடைக்க, 30 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 33 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால் 1 சதவீதக் கரைசல். அன்றன்று கரைக்க வேண்டும், பாத்திரத்திலும் ஆள் மேலும் அடிக்கக் கூடாது.

அடைபட்ட வீடுகளுக்குச் சோறு கொண்டுபோகும்போது பாத்திரத்தைத் திரும்ப வாங்காதீர்கள். இலையோ பாக்குமட்டையோ போதும். கட்டுப்படுத்தப்பட்ட தெரு என்றால் நுழைவில் இருக்கும் ஊராட்சி அல்லது நகராட்சி ஆளிடம் வீட்டு எண் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். காய்ச்சல்காரருக்கு நாக்கில் ருசி இருக்காது, சாப்பிடாமல் வைத்துவிடுவார்கள். மிளகு ரசச் சாதம், இட்லி, பயத்தங்கஞ்சி இறங்கும். அளவைக் குறைத்து மூன்று வேளையாகக் கொடுங்கள்.

பணம்

மூன்று பேர் பெயரில் கூட்டுக் கணக்கு, இருவர் கையெழுத்து. கையில் ரொக்கம் வாங்கினால் அன்றே ரசீது. வாரம் ஒருமுறை வரவு, செலவு, இருப்புப் பை எண்ணிக்கை மூன்றையும் ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். கேள்வி கேட்பவர் கேட்கும் முன்பே பதில் சுவரில் இருக்கும்.

டெல்டாவில் பாதி ஊருக்கு வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் ஆள் உண்டு. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் சிக்கலில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர், நம்ம ஊர்க்காரராகவே இருந்தாலும், அவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை. அதற்கென்று மத்திய அரசில் பதிவு இல்லாத குழு வாங்கக் கூடாது. அவருடைய அண்ணனோ மாமனோ இங்கே இருந்து தங்கள் சொந்தப் பணத்தில் கொடுக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

எப்போது நிறுத்துவது

குறுவை நாற்று விட்டு, நடவுக் கூலி இரண்டு வாரம் கைக்கு வந்ததும் விவசாயத் தெருக்களில் நிறுத்திவிடலாம். கடற்கரையில் தடைக்காலம் முடிந்து படகு போய்வந்த பிறகு. கல்யாணத் தொழிலை நம்பியவர்களுக்கு மட்டும் மண்டபம் திறக்கும்வரை தொடர வேண்டும். கார்டு இல்லாதவர் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதை வைத்து ஒவ்வொருவருக்கும் புதிய ரேஷன் கார்டுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, வட்ட வழங்கல் அலுவலகத்தில் சேர்த்துவிட்டு, ஒப்புகைச் சீட்டை அவரவர் கையில் கொடுக்க வேண்டும். மிஞ்சிய பருப்பையும் எண்ணெயையும் காலாவதித் தேதி பார்த்து முதியோர் இல்லத்துக்கோ விடுதிக்கோ கொடுங்கள். கோயிலிலும் பள்ளிவாசலிலும் இரவல் வாங்கிய அண்டா, தவலைகளில் பெயர் வெட்டியிருக்கும். எண்ணி, தேய்த்து, ஈயம் போன பித்தளைக்கு ஈயம் பூசி, வாங்கிய இடத்திலேயே திருப்பி வைத்துவிடுங்கள்.